அடகுச் சீட்டும் அப்பாவும்



போன இதழில் மழைக்கால இருமலுக்குக் கஷாயம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை மருந்து இல்லை. மனசில் கிடக்கிற ஒரு கணக்கு. ஆனால் ஆரோக்கியமும் இதில் உண்டு. கடைசி வரை படியுங்கள்.

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவுக்குக் கொடியேறி மூன்றாம் நாள். மாடவீதியில் கால் வைக்க இடமில்லை. என் பிள்ளையோ அன்றைக்கு அகமதாபாத்தில் நடக்கிற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்காகக் காலையிலேயே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியிருந்ததால் பேப்பரை நான்தான் படித்துச் சொல்வது. கிரிக்கெட் செய்திகளைத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஒரு செய்தி. ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் எஸ். வெங்கிடரமணன் முந்தின நாள் சென்னையில் காலமானார், வயது 92.

அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மா வளையல் வச்ச வருஷம் கவர்னரா இருந்தவரும்மா" என்றார்.

எத்தனையோ பேர் அவரை எத்தனையோ விதமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அவருக்கு இதுதான் அடையாளம். சிரிப்பாக இருக்கிறதல்லவா? சொல்கிறேன்.

எங்கப்பா பெரிய புள்ளி இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதுகிற குமாஸ்தாவாகச் சேர்ந்து, கணக்கு அதிகாரியாக ஓய்வு பெற்றவர். ஆபீஸில் லட்சக்கணக்கில் எழுதிவிட்டு வந்து, வீட்டில் கொத்தமல்லிக் கட்டுக்குக் கொடுத்த நாலணாவையும் எழுதுவார். "காசு வந்த வழியும் தெரியணும், போன வழியும் தெரியணும்" என்பார். அதிர்ந்து பேச மாட்டார். கொஞ்சவும் தெரியாது. பிறந்த நாளுக்குப் பொம்மை வாங்கி வந்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட ஃபீஸ் கட்டாமல் நான் எழுந்து நின்றதும் இல்லை.

1991-ல் நான் ஐந்தாம் வகுப்பு. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. எங்கள் வீட்டுக்குள் வேறு ஒரு பயம் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

நமக்குள் பேசுவதால் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவுக்குப் பெரும்பாடு. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள் போகும். கட்டி கட்டியாகப் போகும். யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிவிட்டாள். முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வயசானா அப்படித்தான்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். அப்போது அவளுக்கு வயது 38தான்!

ஒரு பிரதோஷத்தன்று பெரிய கோயிலில் வரிசையில் நிற்கும்போதே சரிந்து விழுந்தாள். லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் 6 கிராம்தான் இருக்கிறது, கர்ப்பப்பையில் கட்டி, ரத்தம் ஏற்றிக்கொண்டு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், வேலூருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி, ரத்தம், மருந்து, துணைக்கு இருப்பவர் சாப்பாடு, பஸ் என்று எல்லாம் போட்டுப் பார்த்து, 8,000 ரூபாய் வேண்டும் என்றார் அப்பா. அவர் சம்பளம் அப்போது 2,400. கையிருப்பு சொற்பம். வீட்டில் இருந்த ஒரே சொத்து அம்மாவின் நாலு வளையல். தாய்வீட்டுச் சீதனம், ஆறு பவுன். பவுன் மூவாயிரத்துக்கும் கீழே விற்ற காலம் அது.

"வளையலை வச்சுடலாம்" என்றார் அப்பா.

"என் உசிரு போனாலும் வளையல் போகக் கூடாது" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் மூன்று நாள் இருவருக்கும் பேச்சே இல்லை. எங்கள் ஊரில் திருவூடல் தெரு என்று ஒரு தெருவே உண்டு. தை மாதத்தில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் ஊடல் கொள்ளும் திருவிழா நடக்கிற தெரு. ஆயா என்னைக் கூப்பிட்டு, "சாமிக்கே ஊடல் வருது, இவங்களுக்கு வராதா? சரியாப் போயிடும் போ" என்று சொல்லி ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்தாள்.

சரியாக அந்தச் சமயத்தில்தான், ஜூலை மாதத்தில், பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. இந்திய அரசாங்கம் தங்கத்தை அயல்நாட்டில் அடகு வைத்துவிட்டது!

நாட்டுக்கு என்ன ஆபத்து என்று அப்பா எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து, மளிகைக் கடை பாஷையில் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். முந்தின ஆண்டு, 1990 ஆகஸ்டில், ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் அனுப்புகிற பணமும் குறைந்தது. வெளியில் வாங்குகிற பெட்ரோலுக்கும் உரத்துக்கும் டாலரில்தான் கொடுக்க வேண்டும். கையிலிருந்த டாலரோ மூன்று வார இறக்குமதிக்குக்கூடக் காணாது. கடன் கொடுத்தவன் எல்லாம் "பழைய பாக்கியைக் கட்டு, புதுசு கிடையாது" என்று கையை விரித்தான். அண்ணாச்சி கடையில் பற்று நிறுத்திவிட்டால் நாம் என்ன செய்வோம்? உள்ளே போய்ப் பெட்டியைத் திறப்போம். அதைத்தான் தேசமும் செய்தது.

முதலில் மே மாதத்தில், கடத்தல்காரர்களிடம் பிடித்த தங்கத்தில் 20 டன்னை, திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டோடு ஸ்டேட் வங்கி மூலம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். அது போதவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்த இருப்பிலிருந்து சுமார் 47 டன் தங்கம் விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போனது. இங்கிலாந்து வங்கியும் ஜப்பான் வங்கியும் அதன் பேரில் சுமார் 40 கோடி டாலர் கடன் கொடுத்தன. பவுன் கணக்கில் பார்த்தால் 58 லட்சம் பவுனுக்கு மேல்! மும்பையில் அதை விமான நிலையத்துக்கு ரகசியமாக ஏற்றிப் போகும்போது ஒரு வண்டி நடுவழியில் நின்றுபோய், காவலுக்குப் போனவர்கள் பதறிவிட்டார்களாம். நகையைத் துணிப்பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் எதிரில் வந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து அடகுக் கடைக்கு நடந்த நமக்கு அந்தப் பதற்றம் தெரியாதா?

அடகு வைக்கிற முடிவு அரசாங்கத்தினுடையது. முதல் தங்கம் போனபோது பிரதமர் சந்திரசேகர்; இரண்டாவது போனபோது நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர். ஆனால் பெட்டகத்துச் சாவி ரிசர்வ் வங்கியிடம். அதன் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், நாகர்கோவிலில் 1931-ல் பிறந்த நம்மவர் வெங்கிடரமணன். பௌதிகம் படித்து ஐ.ஏ.எஸ். ஆனவர். சி. சுப்பிரமணியம் மத்திய மந்திரியாக இருந்தபோது அவரிடம் வேலை பார்த்தவர். பசுமைப் புரட்சிக்கு அஸ்திவாரம் போட்ட காலம் அது. 1985 முதல் 1989 வரை மத்திய நிதிச் செயலாளர். 1990 டிசம்பரில் கவர்னர் பதவிக்கு வந்தார். வந்த வீட்டில் அரிசிப் பானை காலி!

அப்பா பேப்பரை மடித்து அம்மா முன்னால் வைத்தார். "இந்தா பாரு, சர்க்காரே வச்சிருக்கு. ஏரோப்ளேன்ல அனுப்பி வச்சிருக்கு. அதுக்கு இல்லாத மானமா நமக்கு?"

அம்மா சும்மா விடுகிறவளா? "சர்க்காருக்கு நாத்தனார் கிடையாதே!" என்றாள்.

மூன்று நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "உன் கை வெறுமையா இருந்தா கண்ணாடி வளையல் வாங்கிப் போடலாம். நீ இல்லாம வீடு வெறுமையாப் போனா நான் எதை வாங்கிப் போடறது?"

கொஞ்சத் தெரியாத மனுஷர் என்று சொன்னேன் பாருங்கள். வாழ்நாளில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அம்மா ஒன்றும் பேசவில்லை. சோப்பு நுரையைக் கையில் தடவி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

வேலூரில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதத்தில் அம்மா முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அந்த வருஷம் உறவில் ஒரு கல்யாணம். அத்தை எல்லார் முன்னாலும், "என்னம்மா, கையெல்லாம் கண்ணாடியா இருக்கு?" என்று கேட்டார். அம்மா கூசவில்லை. "வளையல் பாங்கில இருக்கு, நான் இங்க இருக்கேன். மாறி இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். கூடம் முழுக்க அமைதி. அத்தையே அப்புறம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் அதே தொந்தரவு இருப்பதாகச் சொல்லி அழுதது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அடகு வைத்தது பெரிசில்லை, மீட்டதுதான் பெரிசு. மாதம் 600 ரூபாய், முதல் தேதியே பாங்கில் கட்டிவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வருவார். தீபாவளி போனஸில் 2,000 அப்படியே அங்கே போனது. எங்களுக்கு அந்த வருஷம் புதுத்துணி இல்லை. "அடுத்த வருஷம் ரெண்டு" என்றார். சொன்னபடி எடுத்தும் கொடுத்தார். 1992 ஜூனில் நாலு வளையலும் வீட்டுக்கு வந்தன. வட்டியோடு 8,600 ரூபாய். தேசம் வாங்கின அந்தக் கடனோ 1991 முடிவதற்குள்ளேயே அடைபட்டுவிட்டது. "நாடு நம்மள முந்திடுச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் நாட்டின் தங்கம் அப்போதே ஊர் திரும்பிவிடவில்லை. கடன் தீர்ந்த பிறகும் இங்கிலாந்து வங்கியின் பெட்டகத்தில் நம் பெயரில்தான் இருந்தது. 2009-ல் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் தங்கத்தை இந்தியா விலைக்கு வாங்கியது. 2024-ல் இங்கிலாந்தில் இருந்ததில் 100 டன்னை ரிசர்வ் வங்கி நம் நாட்டுக்கே கொண்டு வந்தது. வைத்தவன் வாங்குகிறவன் ஆனான்!

வெங்கிடரமணனைப் புகழ்ந்தவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு. தங்கத்தை அனுப்பியபோது, "நாட்டின் மானம் போச்சு" என்றார்கள். 1992-ல் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழல் வெடித்தபோது, வங்கிகளைக் கண்காணிக்க வேண்டிய ரிசர்வ் வங்கி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டார்கள். ஜானகிராமன் கமிட்டி போட்டு விசாரித்தார்கள். அந்த டிசம்பரில் இரண்டு வருஷப் பதவி முடிந்து அவர் இறங்கினார். இதையெல்லாம் அப்பா மறைத்துப் பேச மாட்டார். "ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. ரெண்டையும் எழுதினாத்தான் கணக்கு" என்பார்.

அன்றைக்குப் பேப்பரைப் படித்து முடித்ததும் அப்பா இன்னொன்று சொன்னார். "அவர் பொண்ணுதான் நம்ம தலைமைச் செயலாளரா இருந்தாங்க." ஆமாம், கிரிஜா வைத்தியநாதன். அப்பாவைப் போலவே பௌதிகம் படித்து, அப்பாவைப் போலவே ஐ.ஏ.எஸ். ஆனவர். சுகாதாரப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். சுகாதாரத் துறைச் செயலாளராகவும் இருந்து, 2016 டிசம்பர் முதல் 2019 ஜூன் வரை மாநிலத்தின் தலைமைச் செயலாளர். வீட்டில் பெண்ணைப் பெண்தானே என்று நினைக்காமல் வளர்த்த தகப்பனுக்கு இதைவிட வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா?

"உன்னைத்தான் பத்தாவதோட நிறுத்திட்டேன்" என்று அப்பா அன்றைக்குச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. ஆயா படுக்கையில் விழுந்த வருஷம் அது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான் வருத்தப்பட்டதுண்டு, மறைப்பானேன்! ஆனால் அவர் கையோடு எனக்குக் கணக்கு நோட்டு போடச் சொல்லிக் கொடுத்தார். வட்டி போடவும், பாங்க் பாரம் நிரப்பவும், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கவும் கற்றுக் கொடுத்தார். இன்றைக்கு எங்கள் தெருவில் பாங்க் காரியம் என்றால் பட்டதாரிகள்கூட என்னிடம்தான் வருகிறார்கள். அதைச் சொன்னேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

2024 ஆடியில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வருஷத்துக்கு ஒன்றாகக் கணக்கு நோட்டுகள். மேலே ஒரு தனி நோட்டு, அம்மா பெயர் எழுதி. எந்த பாங்கில் எவ்வளவு, எந்தத் தபால் ஆபீஸில் எவ்வளவு, எதற்கு யார் நாமினி, பத்திரம் எந்த உறையில், யாருக்கு என்ன பாக்கி என்று வரிசையாக இருந்தது. கடைசி வரி, "யாருக்கும் பாக்கி இல்லை."

நான் 1991-ம் வருஷ நோட்டைத் தேடி எடுத்தேன். ஜூலையில் "வளையல் வைத்தது" என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி தோன்றியது. முன் மாதங்களில் தினமும் "டீ" என்று ஒரு வரி இருக்கும். ஆபீஸ் வாசலில் இரண்டு வேளை குடிக்கிற டீ. ஆகஸ்ட் முதல் அந்த வரியைக் காணோம். அடுத்த நோட்டிலும் காணோம். 1992 ஜூனில் "வளையல் மீட்டது" என்று எழுதி, அதற்கு அடுத்த வரியில், "டீ".

நோட்டை அம்மா மடியில் வைத்தேன். அவளுக்கும் அது தெரியாது. முப்பத்து மூன்று வருஷமாக அவர் சொல்லவே இல்லை.

சகோதரிகளே, இதிலிருந்து எனக்குத் தெரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது நம் உடம்பு. ஒரு வாரத்துக்கு மேல் போவது, மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது, மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி படுவது, இவை எதுவும் "வயசுக் கோளாறு" என்று தள்ளுகிற விஷயம் இல்லை. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதாவது நம் தெருவில் பாதி வீடு! முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான். ஆனால் ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது நகை. அடகு வைப்பது அவமானமில்லை; எதற்கு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. உயிருக்கும் படிப்புக்கும் வைக்கலாம், ஊர் மெச்சுகிற விருந்துக்கு வைக்கக் கூடாது. வைக்கும்போதே மீட்கிற தேதியையும் மாதத் தவணையையும் நோட்டில் எழுதிவிடுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் ஒரு நாள் ஏலத்தில்தான் முடியும். எடை, மாற்று, வட்டி மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதி போட்டிருக்கிறது. கடனை முழுசாக அடைத்தால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்தவர் தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் எல்லா பாங்குகளும் நகைக்கடன் கம்பெனிகளும் இதற்கு வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. தெரிந்து வைத்திருந்தால் தைரியமாகக் கேட்கலாம்.

மூன்றாவது அந்தத் தனி நோட்டு. உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லாதீர்கள். அபசகுனம் என்று அவர் முறைத்தால், காபி கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 72 வயது. போன மாதம் என் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கொஞ்சம் பணம் குறைந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கூடத்தில் உட்கார்ந்து முணுமுணுவென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். சோப்பு நுரை பூசிய கையோடு. நாலு வளையலையும் மேஜைமேல் வைத்தாள்.

"இதை வச்சுக் கட்டு. தேதியை நோட்டில் எழுது" என்றாள்.

எழுதியிருக்கிறேன். பதினொரு மாதத் தவணை. எனக்கும் பகல் காப்பி நிறுத்தம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.